நான் தட்டி வெளியேற்றிய குமிழிகள்

அன்புள்ள மருமகளுக்கு,

அடுத்த அறையிலிருந்து மாமா எழுதிக்கொண்டது. நானும் உன் அத்தையும் நலம். உன் நலத்தைக் கேட்கத்தான் எனக்கு வாய் வரவில்லை; சுவருக்கு அந்தப் பக்கம் நீ மூக்கை உறிஞ்சுவது நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறது. நேரில் சொல்ல முகமில்லாமல், ஒரே வீட்டுக்குள் கடிதம் எழுதும் கேவலத்துக்கு வந்துவிட்டேன். இதைக் கதவிடுக்கில் தள்ளிவிட்டு மொட்டைமாடிக்கு ஓடிவிடுவதாக உத்தேசம்.

நேற்று நீ மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தேனே, கொடுத்த கையோடு திரும்பியிருக்கலாம். "மாமா, என் ஆராய்ச்சியைப் பாக்க வெளியூர்லேர்ந்து வந்திருக்காங்க, அழைச்சிட்டு வந்துடறேன், இங்கயே உக்காருங்க, எதையும் தொட்டுடாதீங்க" என்று நீ சொல்லிவிட்டுத்தான் போனாய். உட்கார்ந்தேன். ஆனால் எதிரே ஸ்டாண்டில் ஒரு சிரிஞ்சு, ஊசிமுனை மேலே பார்க்க நிற்கிறது, உச்சியில் வெள்ளை வெளேரென்று நுரை கட்டியிருக்கிறது. அம்மாடி, நான் யார்? ஓய்வுபெற்ற கம்பவுண்டர். ஊசிக்குள் கடுகளவு காற்று இருந்தாலும் பொறுக்காமல், ஆயுள் முழுக்கத் தட்டித் தட்டி வெளியேற்றிய கை இது, சும்மா இருக்குமா? பாவம் பிள்ளை, பதற்றத்துல காத்த எடுக்க மறந்துட்டா, நம்ம வீட்டுப் பேரு கெடக் கூடாதுன்னு எழுந்தேன். நகத்தால் நாலு தட்டு, பிஸ்டனை ஒரு அழுத்து, நுரை மொத்தமும் கைகழுவும் தொட்டிக்குள் போயிற்று. முனையில் முத்து மாதிரி ஒரு சொட்டு நின்றது. அதில் பஞ்சு சுற்றி வைத்துவிட்டு, ஏதோ ஓர் உயிரைக் காப்பாற்றியவன் மாதிரி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

நீ வந்தவர்களைப் பார்த்த படபடப்பில் பஞ்சை உதறிவிட்டு, உயிருள்ள செல்கள் இருந்த தட்டில் அந்த மருந்தைச் செலுத்தி, கருவியை ஓடவிட்ட பிறகுதான் விளக்கம் சொன்னாய். "இதுல இருக்கறது பொடிப்பொடி வாயுக் குமிழி. காதுக்குக் கேக்காத ஒலியை அனுப்பினா ஒவ்வொண்ணும் சுருங்கி விரியும். பக்கத்துல இருக்கற செல்லோட தோல்ல ஓட்டை விழும், மருந்து உள்ள போகும், ஓட்டை தானா மூடிக்கும். ஒலியைக் கூட்டிட்டா குமிழி வெடிச்சு செல்லே செத்துடும். சாகாம திறக்கற அளவத்தான் நான் கண்டுபிடிச்சிருக்கேன்."

மருந்துக்குப் பதிலாகத் தட்டில் கலந்திருந்த சிவப்புச் சாயம் உள்ளே போன செல்கள் திரையில் ஒளிர வேண்டுமாம், திரை கும்மிருட்டு. வந்தவர்களில் ஒருவர், "குமிழி எங்கம்மா?" என்றார். தொட்டியில இருக்குங்கய்யா என்று சொல்ல வேண்டியவன் நான். டப்பாவை எடுத்துக்கொண்டு நழுவிவிட்டேன். அதிலும் நீ இன்னும் சாப்பிடாத டப்பாவை.

ராத்திரி சாப்பிடும்போது, "என் கவனக்குறைவு மாமா, இன்னொரு தடவை செஞ்சு காட்ட வாத்தியார் விடமாட்டேங்கறார், வந்தவங்க மூணு நாள்ல கிளம்பிடுவாங்க" என்றாய். எதிரே உட்கார்ந்து மென்று விழுங்கினேன். வெட்கம் பிடுங்கித் தின்கிறதம்மா. உன் ஆராய்ச்சியில் ஒரு குறையும் இல்லை, குமிழிதான் இல்லை. பழியை என் தலையில் போட்டு மறுவாய்ப்பு கேள். இனி இந்த ஜென்மத்தில் உன் ஆய்வுக்கூட வாசலை மிதிக்க மாட்டேன்.

நீ நீடூழி வாழ வேண்டும். உன் செல்களும் நோய்நொடி இல்லாமல் திறந்து மூட வேண்டும்.

தலைகுனிந்த ஆசிகளுடன்,
மாமா

பின்குறிப்பு: இதை உன் அத்தையிடம் காட்டினேன். "அவளுக்கு நேத்தே தெரியும். ஊசி முனைல பஞ்சு சுத்தி வைக்கற ஆளு வேற யாரு? மாமாவ யாரும் ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாதுன்னு வாத்தியார்கிட்ட தானே பழிய ஏத்துக்கிட்டா. உங்க காதுக்குப் போகக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வேற. மூக்கு உறிஞ்சறது ஜலதோஷம்" என்றாள். ஆகவே மேலே எழுதிய எதையும் பொருட்படுத்தாதே, முக்கியமாக வாசலை மிதிக்க மாட்டேன் என்றதை. காலையில் உன்னோடு வருகிறேன். நுரையைக் கொட்டியது நான்தான் என்று உன் வாத்தியாரிடம் என் வாயாலேயே சொல்ல வேண்டும். சட்டை தேய்த்தாயிற்று. போகவர இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டுதான் நடப்பேன். சாப்பாட்டு டப்பாவை மட்டும் நீயே எடுத்துக்கொள்.