மிச்சமிருந்த ஒரு சமன்பாடு

“எல்லாச் சமன்பாட்டுக்குமா?” என்று கேட்டார் பேராசிரியர். ஆய்வேட்டின் எழுபதாவது பக்கத்தில் அவர் விரல் நின்றது.

“ஆமா சார்,” என்றான் அய்யாத்துரை. “கடைசிக் கெழு மத்ததைவிட வேகமா வளர்ந்தா போதும். பூச்சியத்தைத் தவிர எந்தத் தீர்வும் முடிவிலி வரிசையில வளர்ந்தே தீரும்.”

பம்பாய் மாதுங்காக் கல்லூரி ஒன்றில் அவன் தற்காலிக விரிவுரையாளன். கலப்பு மாறியில் அமைந்த நேரியல் வகைக்கெழுச் சமன்பாடுகளின் தீர்வுகள் எவ்வளவு வேகமாக வளர்கின்றன என்று ஆறு வருஷமாக மண்டையை உடைத்துக்கொண்டவன். 1966 ஜூனுக்குள் டாக்டர் பட்டம் வந்தால் வேலை நிரந்தரம். வராவிட்டால் வேலையே இல்லை.

“நிரூபணத்துல தப்பிருக்கா சார்?”

“தப்பில்லை. ரொம்பப் பெரிசா இருக்கு. லண்டன் எக்ஸாமினர் நம்ப மாட்டார். இரண்டாம் வரிசைச் சமன்பாட்டோட நிறுத்திக்கும். உம்ம நல்லதுக்குச் சொல்றேன்.”

நிறுத்திக்கொண்டான். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வாலாம்பாள் மறுபடி டைப் அடித்தாள். இடைவெளிகளில் குறியீடுகளை அவனே மசியால் நிரப்பினான்.

பேராசிரியர் புரட்டிப் பார்த்தார். “இன்னும் அகலமாத்தான் இருக்கு. முதல் கெழு பல்லுறுப்புக்கோவைன்னு ஒரு நிபந்தனை போடும்.”

போட்டான். முப்பது பக்கம் வேலையற்றுப் போய்விட்டது.

“என்ன ஓய், இவ்வளவு மெலிசா இருக்கு?”

ஆய்வேட்டைக் கொழுக்கவைக்க ஒரு சமன்பாட்டை எடுத்துக்காட்டாகச் சேர்த்தான். பேராசிரியருக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. “இது ஒண்ணு போதுமே. மத்ததை எடுத்துடும்.”

தாராவி வீட்டில் மனைவி தங்கமயில் சாப்பாடு போட்டபடி விசாரித்தாள்.

“இன்னைக்கு எத்தனை சமன்பாட்டை மிச்சம் வச்சிருக்காரு?”

“ஒண்ணு.”

“மொதல்ல எத்தனை இருந்துச்சு?”

“எண்ண முடியாது.”

அவள் குழம்புக் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். “அந்த ஒண்ணையாவது கைவிட்டுராதிய. அவரு கண்ணுல படாம கொண்டுபோய்க் குடுத்துருங்க.”

லண்டனிலிருந்து அறிக்கை இரண்டே வரியில் வந்தது: ‘பிழையில்லை. ஆனால் சிறியது.’ போனால் போகிறதென்று பட்டம் கொடுத்தார்கள். வேலை நிரந்தரமாயிற்று. துறையில் எல்லோரும் கை குலுக்கினார்கள். “ஒத்தைச் சமன்பாட்டு டாக்டர்” என்று யாரோ முதுகுக்குப் பின்னால் சொன்னது அவன் காதில் விழுந்தது. சிரித்துவைத்தான்.

பேராசிரியர் காலில் விழுந்து எழுந்து, பேடாப் பெட்டியோடு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போனான்.

“எடுத்துக்கோங்கம்மா. மூணு தரம் அடிச்சிய. எல்லாம் சாரோட தயவு. அவரு மட்டும் நிபந்தனை போடச் சொல்லலைன்னா நான் தேறியிருக்க மாட்டேன்.”

வாலாம்பாள் ஒரு பேடாவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

“நிபந்தனை போட்டாத்தான் தேறுமா சார்? ஜெர்மனிப் பத்திரிகைக்கு அனுப்பணும்னு உங்க புரொபசர் போன வாரம் அவர் பேர்ல அடிக்கச் சொன்னாரே, இதே தேற்றம், அதுல ஒரு நிபந்தனைகூட இல்லையே. அடிக்கச் சுலபமா இருந்துது.”