ஜிர்கான்னு சொல்லு!

ஐம்பதுகளில் ஓசூர் கடைத்தெருவில் கல் விற்றவர்களில், வியாபாரமே தெரியாத ஒரே மனிதர் ரெட்டைக்கோட்டார்தான். வந்த கிராக்கியை விரட்டுவதற்கென்றே கடை திறந்திருந்தார் என்று நான் சத்தியம் செய்வேன்.

அவர் விற்றது ஜிர்கான். சிலோனிலிருந்து வரும் வெள்ளைக் கல். வைரம் போலவே டால் அடிக்கும். விலை மட்டும் நம்மைப் போன்றவர்களுக்கு எட்டும். பூதக்கண்ணாடி வைத்துச் சாய்த்துப் பார்த்தால், கல்லின் அடிப்பக்கத்துப் பட்டை ஓரமெல்லாம் இரண்டிரண்டு கோடாகத் தெரியும். வைரத்தில் ஒற்றைக் கோடுதான். வாங்க வருகிறவர் அந்த ரெட்டைக் கோட்டைப் பார்த்தே தீரவேண்டும். சரியாகப் பார்க்காமல் "தெரியுதுங்க" என்று தலையாட்டிய ஒரு போலீஸ்காரரிடமிருந்து கல்லைப் பிடுங்கிக்கொண்டு, "கண்ணைக் காட்டிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்.

"வைரம் மாதிரி ஏதாவது காட்டுங்க" என்று கேட்டுவிட்டாலோ, தொலைந்தது. தமிழில் தொடங்குகிற திட்டு தெலுங்கில் சூடேறிக் கன்னடத்தில்தான் போய் முடியும்.

இரண்டு கல் வாங்கினால் இரண்டு பொட்டலம். "ஒண்ணாப் போட்டா புருசன் பொண்டாட்டி மாதிரி உரசிக்கும். ஓரம் பிஞ்சிடும்" என்பார். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

தன் கல்யாணத்தைத்தான் விட்டார், என் கல்யாணத்தையாவது விட்டாரா மனிதர்?

தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவான என் அப்பா, ஜிர்கான் என்று தெரிந்தேதான் அவரிடம் எனக்குத் தோடு வாங்கினார். கல்யாணத் தரகர் கல்லாவியில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் "வைரத்தோடு" என்று அளந்துவிட்டார். அப்பா மறுக்கவில்லை. பெண் பார்க்க வந்தார்கள். தோட்டுத் திருகைச் சரி பார்க்க வந்த ரெட்டைக்கோட்டார், கேசரி வாசனைக்கு உட்கார்ந்துவிட்டார்.

மாப்பிள்ளையின் அம்மா என் காதைத் தொட்டுப் பார்த்து, "வைரம் என்னமா மின்னுது!" என்றார்.

"எவன் சொன்னான் வைரம்னு? அது ஜிர்கானுங்க!"

"அப்போ போலியா?"

அவ்வளவுதான். ரெட்டைக்கோட்டார் எழுந்தே நின்றுவிட்டார். "போலியா? கண்ணாடியைக் கல்லுன்னு வித்தா போலி. இது பூமியில விளைஞ்சதும்மா! வேற பேரைச் சொல்லி விக்கிறவன்தான் போலி!"

கேசரியைக்கூடத் தொடாமல் கிளம்பிவிட்டார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நான் தோட்டைக் கழற்றி ரெட்டைக்கோட்டார் முன்னால் வீசினேன். பாவி மனிதர் ஓடிப்போய்ப் பொறுக்கி, முதலில் கல்லைத்தான் பார்த்தார்.

"ஓரம் பிஞ்சிருந்தா என்ன பண்ணுவே கண்ணு?"

"என் கல்யாணமே பிஞ்சிடுச்சு, அது தெரியலையா உங்களுக்கு?"

தோட்டை வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டே, "வைரம்னு சொல்லிப் போயிருந்தா, அந்த வூட்ல நீ தெனம் பயந்துகிட்டே காதைக் கழுவணுமே" என்றார். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ஆறு மாதம் நான் அவரோடு பேசவில்லை.

அடுத்து பாரூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். என் காதில் அதே தோடுதான். அவர்கள் உட்காரும் முன்பே, "இது வைரம் இல்லீங்க, ஜிர்கான்" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டேன், அத்தனை ஆத்திரம். மாப்பிள்ளையின் அம்மா சிரித்தார். "எனக்கு அந்தப் பேரு வாயில நுழையலே. உனக்கு நல்லா வருதே கண்ணு." அந்த அம்மாள்தான் என் மாமியார்.

கல்யாணத்தன்று முகூர்த்தம் நெருங்கியும் ரெட்டைக்கோட்டாரைக் காணோம். எட்டிப் பார்த்தால், எதிர்ச்சாரியில் கொளுத்துகிற வெயிலில் நிற்கிறார். மாலையும் கழுத்துமாக நானே போய்க் கேட்டேன், "ஏன் உள்ளே வரலே?"

"எவனாவது வைரம்னு சொல்லிட்டா என்ன பண்றது? என் வாய் எனக்கே அடங்காது கண்ணு. தாலி ஏறட்டும், வர்றேன்."

எனக்கு வந்ததே கோபம்! என் கல்யாணத்தில் இவர் தெருவில் நிற்பதா? கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்து, அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன்.