கல்லறைத் திருநாளில் எனக்கு வந்த சிரிப்பு

என் கரடிக்குட்டிக்கு,

அப்போலோனியா எழுதுவது. நான் நலம். உன் நலத்தை யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை, கேட்டதாக வைத்துக்கொள். நீ போய்ப் பதினோரு மாதம். நான் அதிகம் படித்தவள் இல்லை, எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

ஒரு மானக்கேடு நடந்துவிட்டது. உன் தங்கை லெயன்டீனா உன் கல்லறைக்கு வந்து ஒன்றுக்கு இரண்டாகச் சொல்வாள், அதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். போன ஞாயிறு நம் ஊரில் கோடைக் கல்லறைத் திருநாள், ஊரே பூவும் மெழுகுவர்த்தியுமாக வந்திருந்தது, நான் நம் வழக்கப்படி உன் கல்லறையைச் சுற்றியிருக்கிற மணலை வாரியால் கோடுகோடாக வாரியபடி, வாரிய இடத்தில் என் காலடி பதியக்கூடாதே என்று பின்பக்கமாகவே நடந்து வந்தேன், முதுகில் நல்ல வெயில், பைன் மரத்து வாசனை, திடீரென்று அடிவயிற்றிலிருந்து ஒரு சந்தோஷம் பொங்கிற்று. காரணமே இல்லை. உடம்பு பஞ்சாகிவிட்டது. என்னைச் சைக்கிளில் முன்னால் உட்காரவைத்து ஏரிக்கரை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் விட்டாயே, அன்றைக்கு இருந்த மாதிரி. அப்படியே பின்னால் வந்து, ஜெபம் சொல்லிக்கொண்டிருந்த பாதிரியார் மேல் மோதி, இரண்டு பேரும் பக்கத்துக் கல்லறைப் பூச்செடிகளில் விழுந்தோம். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தால் சிரிப்பு வருகிறது. அடக்க அடக்க வருகிறது.

லெயன்டீனா பாய்ந்து வந்தாள். “அண்ணி! எங்கண்ணன் மண்ணுக்குள்ள கெடக்காரு, நீங்க பல்லக் காட்டிட்டு நிக்கிறீங்க! காலையில என்னத்தத் தின்னீங்க?”

“எப்பவும் திங்கிறதுதான்டி. கஞ்சா விதை வறுத்து அரைச்ச வெண்ணெய், ரொட்டியில தடவி.”

“அதான் ஏறிருச்சு!” என்று செத்தவர்களுக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினாள். எனக்கு உள்ளுக்குள் நிம்மதி. போதை என்றால் என் தப்பு இல்லையே.

மறுநாள் உறுதிப்படுத்திக்கொள்ள நர்ஸ் அக்னேசேயிடம் போனேன். அவள் சிரிக்கிறாள். “போதை பூவுலயும் இலையிலயும்தான் அத்தை. விதையைத் தின்னு ஏறும்னா நம்ம லாட்வியா நாடே இந்நேரம் பறந்துக்கிட்டிருக்கும்.”

“அப்ப எனக்கு வந்தது என்னடி?”

“பரவசம். மூளையில தானா ஊறும். கஞ்சா போய்த் தட்டுறதும் அந்தக் கதவைத்தான். ஓடினா வரும், பாடினா வரும், ஆள் மேல ஆசை வந்தா வரும்.”

“நான் எங்கடி ஓடினேன்? பின்னாலதான நடந்தேன்!”

எங்கள் தோட்டத்து விதை வீரியமானது, உனக்கு ஒன்றும் தெரியாது என்று சண்டை போட்டுவிட்டு வந்தேன். யார் என்ன சொன்னாலும் வெண்ணெய்தான் காரணம். நீயும் அதையே நம்பு.

தேவன் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். கம்பளிக் காலுறை போட்டுத்தான் அனுப்பினேன், கழற்றிவிடாதே.

உன்
அப்போலோனியா

பின்குறிப்பு: அன்று காலை நான் வெண்ணெய் தின்னவில்லை. வெறும் காப்பிதான். நீ போனதிலிருந்து உரல் கவிழ்ந்தே கிடக்கிறது, ஒருத்திக்காக அரைக்க மனசில்லை. அந்தச் சந்தோஷம் திரும்பவும் வருமா என்று தினமும் போய் மணலை வாருகிறேன். வரவில்லை. வந்தால், நான் சிரிக்கட்டுமா?