ஒரே வரியில் மூன்று லட்சம் எழுத்து

ஃபைலைத் திறக்க ஒன்பது நிமிடம் ஆகிறது என்று ஜுருவில் உள்ள தொழிற்சாலையிலிருந்து மூன்றாவது தடவையாக ஃபோன் வந்தபோது, நூர் ஃபாத்திஹா அதே ஃபைலைத் தன் கணினியில் திறந்துவிட்டு ஏழாவது நிமிடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அவள் வேலை பார்க்கும் கம்பெனி லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்தது. முதலாளி சீனி முகம்மதுவையும் சேர்த்து மூன்றே பேர். தொழிற்சாலை இயந்திரங்களுக்கான கட்டளைகளை எழுதித் திருத்த ஒரு மென்பொருள் செய்து விற்றார்கள். அதில் கட்டளைகள் பச்சையாகவும், மேற்கோள் குறிக்குள் வருபவை சிவப்பாகவும், எண்கள் ஆரஞ்சாகவும் தாமாகவே நிறம் மாறும். எங்கே பிழை என்பது பார்த்ததும் தெரிந்துவிடும். அந்த நிறங்களில் சீனி முகம்மதுவுக்கு ஏகப் பெருமை.

கடலுக்கு அக்கரையில், ஜுருவில் இருந்தது ஒரு மசாலாத் தூள் தொழிற்சாலை. பாக்கெட்டில் தேதி அச்சடிக்கும் இயந்திரத்தின் கட்டளைகளை ஜெயராஜ் என்பவர் தினமும் காலையில் திருத்துவார். அங்கே புதிதாக வந்த இயந்திரம், கட்டளைகளை எங்கும் வரி உடைக்காமல் ஒரே நீட்டாகக் கொடுத்தது. மூன்று லட்சம் எழுத்து, ஒரே வரி. ஒவ்வொரு வரியாக நிறம் பூசிப் பழகிய மென்பொருள், ஓர் எழுத்து மாறினாலும் அந்த வரியை ஆரம்பத்திலிருந்து பூசிக்கொண்டு வந்தது.

நிறத்தை நிறுத்திவிட்டால் ஒரு நொடியில் திறக்கும் என்று ஃபாத்திஹா முதல் நாளே சொல்லிப் பார்த்தாள்.

"கலரை எடுத்துட்டா நம்மகிட்ட வேற என்னம்மா இருக்கு?" என்றார் சீனி முகம்மது.

அவள் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. வேலை நிரந்தரமாகுமா என்பது அடுத்த மாதம்தான் தெரியும். நிறத்தை நிறுத்தாமலே வழி தேடினாள்.

முதலில், வரியின் முதல் ஆயிரம் எழுத்துக்கு மட்டும் நிறம் பூசும்படி மாற்றி அனுப்பினாள். ஃபைல் உடனே திறந்தது. ஆனால் தொழிற்சாலையின் மேற்பார்வையாளர் சந்திரிகா, ஜெயராஜின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, ஆயிரத்துக்கு மேல் எல்லாம் கறுப்பாக இருப்பதால் ஃபைல் கெட்டுவிட்டது என்று முடிவு செய்தார். மத்தியானம் வரை இயந்திரத்தை ஓடவிடவில்லை.

அடுத்து ஃபாத்திஹா வரியை ஆயிரம் ஆயிரம் எழுத்தாக மென்பொருளுக்குள்ளேயே நறுக்கி, துண்டு துண்டாக நிறம் பூசவைத்தாள். ஒரு மேற்கோள் சரியாக இரண்டு துண்டுகளுக்கு நடுவே அறுபட்டது. அதற்கப்புறம் மேற்கோளுக்கு உள்ளே இருந்ததெல்லாம் வெளியே, வெளியே இருந்ததெல்லாம் உள்ளே. திரை முழுக்கச் சிவப்பு. தொழிற்சாலையில் சிவப்பு என்றால் ஆபத்து என்றுதான் அர்த்தம். சந்திரிகா அபாய மணியை அழுத்திவிட்டார். நாற்பது பேர் கார் நிறுத்துமிடத்தில் வெயிலில் வரிசையாக நின்றார்கள். ஜெயராஜ் மட்டும் உள்ளே உட்கார்ந்து நிதானமாகத் திருத்திக்கொண்டிருந்தாராம். கையைப் பிடித்துக் கூட்டிவர வேண்டியிருந்ததாம்.

மூன்றாவதாக, ஃபைல் முதலில் திறக்கட்டும், நிறம் பின்னாலேயே மெதுவாக வரட்டும் என்று செய்தாள். பின்னால் ஓயாமல் ஓடிய அந்தப் பூச்சு வேலையில், தட்டிய எழுத்து திரைக்கு வரவே நேரம் பிடித்தது. சந்திரிகாவுக்குப் பொறுமை இல்லை. ஜெயராஜின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, காலாவதி ஆண்டு 2027இன் கடைசி ஏழைத் தானே தட்டினார். ஒன்றும் வரவில்லை. இன்னும் இரண்டு தடவை தட்டினார். பிறகு மூன்றும் வந்தன. அன்று நானூறு பாக்கெட் மீன் கறித் தூள், இரண்டு லட்சத்து இரண்டாயிரத்து எழுநூற்று எழுபத்தேழாம் ஆண்டு வரை கெடாது என்ற உத்தரவாதத்தோடு அச்சாகி வந்தது.

"தங்கச்சி, வெள்ளிக்கிழமைக்குள்ள கலர் ஒழுங்கா வரணும். இல்லைன்னா வேற ஆளைப் பாத்துக்குறோம் லா," என்றார் சந்திரிகா ஃபோனில். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் வீட்டில், அவள் கணவன் ஷஃபீக் ஏதோ பரீட்சைக்காகத் தலையணை கனத்தில் ஒரு புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தான். பத்துப் பக்கத்துக்கு ஒரு சீட்டு, ஒவ்வொரு சீட்டிலும் அதுவரை படித்ததன் சுருக்கம் ஒரு வரி. நடுவே ஏதாவது மறந்துபோனால் பக்கத்துச் சீட்டிலிருந்து தொடங்கினான். முதல் பக்கத்துக்குப் போகவில்லை. அவள் கொஞ்ச நேரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன என்று அவன் கேட்பதற்குள் கணினியைத் திறந்துவிட்டாள்.

ஆயிரம் எழுத்துக்கு ஒரு சீட்டு. இந்த இடத்தில் மேற்கோளுக்கு உள்ளே இருக்கிறோமா, வெளியேவா என்று அதில் ஒரு குறிப்பு. எழுத்து மாறினால் பக்கத்துச் சீட்டிலிருந்து பூசு, அடுத்த சீட்டோடு ஒத்துப்போனால் நிறுத்து. அவ்வளவுதான். வியாழக்கிழமை முழுக்க எழுதினாள். மூன்று லட்சம் எழுத்தும் கண் இமைப்பதற்குள் நிறத்தோடு வந்து நின்றன.

வெள்ளிக்கிழமை காலையில் ஃபெரி பிடித்து அக்கரைக்குப் போய், அங்கிருந்து வாடகைக் காரில் தானே ஜுருவுக்குப் போனாள். ஜெயராஜை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தாள். ஐம்பது வயது தாண்டிய, அதிர்ந்து பேசாத மனிதர். நாற்காலியை நகர்த்தி அவளுக்கு இடம் விட்டார்.

ஃபைலைத் திறந்தாள். பச்சை, சிவப்பு, ஆரஞ்சு, அதனதன் இடத்தில். கடைசி வரை ஓட்டிக் காட்டினாள். ஓர் எண்ணை அழித்து வேறு எண் தட்டினாள். தட்டிய நொடியே வந்தது. சந்திரிகா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். வெகு நேரம் குறை தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. சீனி முகம்மதுவுக்குத் தானே ஃபோன் செய்து, பிள்ளை கெட்டிக்காரி, விட்டுவிடாதீர்கள் என்றார். ஃபாத்திஹாவுக்கு இரண்டு வாரத்துப் பாரம் இறங்கியது.

"அண்ணே, தினம் இதைப் பாக்குறவரு நீங்க. கலரெல்லாம் இப்ப சரியா இருக்குதா?" என்று சந்திரிகா ஜெயராஜைக் கேட்டார்.

ஜெயராஜ் திரையைப் பார்த்தார். பிறகு ஃபாத்திஹாவைப் பார்த்தார். அவள் மனம் நோகக் கூடாதே என்ற தயக்கம் முகத்தில் தெரிந்தது.

"எனக்குப் பொறந்ததிலேருந்தே பச்சை, சிவப்பு எல்லாமே காப்பித்தூள் நெறந்தாம்மா. இதுல கலர் இருக்குதுன்னே இப்ப நீங்க சொல்லித்தான் தெரியும்."