பன்னிரண்டாம் எழுத்து வரை

சொற்களைப் பதுக்கி வைப்பவர்கள் என்று ஓர் இனம் இருக்கிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள். புது மொழி படிக்கத் தொடங்கியதும் பச்சை மையில் எழுதுவார்கள், சிவப்பு மையில் கோடு போடுவார்கள், கதவில், கண்ணாடியில், கொசுவலையில்கூடச் சீட்டு ஒட்டுவார்கள், பல் துலக்கும்போதும் முணுமுணுப்பார்கள். பேச மட்டும் மாட்டார்கள். எல்லாச் சொல்லும் சேரட்டும் என்பார்கள். எப்போது சேரும்?

ஏற்காட்டு எஸ்டேட் ரைட்டர் மகன் காளியண்ணன் இந்த இனத்தில் முதல் தரம். சென்னையில், பல்கலைக்கழகத்தில், இரண்டாம் ஆண்டாக அரபி படித்துக்கொண்டிருந்தான். அகராதியை எழுத்து வரிசையில் நெட்டுருப் போடுவது அவன் முறை. ஓர் எழுத்து முடியாமல் அடுத்ததைத் தொடமாட்டான். 1986 மே விடுமுறைக்கு ஊர் வந்தபோது இருபத்தெட்டில் பன்னிரண்டு முடிந்திருந்தது.

கூடப் படித்த கிளியூர் சாந்திக்கு அறுபது சொல் தெரிந்தால் அதிகம். அதையும் அரபி தெரியாத விடுதிச் சமையல்காரரிடம் பேசிப் பார்ப்பாள். எல்லாம் தப்பு. காளியண்ணனுக்குக் காது கூசும்.

அந்த விடுமுறையில் ஒரு நாள் காலை, இருவரும் ஏற்காட்டில் கிளியூர்ப் பாதையில் பஸ்ஸுக்கு நின்றபோது வாடகைக் கார் ஒன்று வந்து நின்றது. டிரைவர் ஜேசுதாஸ் தலையை நீட்டினார்.

“ஏனுங்க, தபீப்னு ஒரு ஓட்டல் எங்கீங்க இருக்குது? இவரு குவைத்துக்காரருங்க. கால் மணியா அதையேதான் கேக்கறாரு.”

குவைத்துக்காரர் இறங்கி வந்து காளியண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். “தபீப், தபீப்” என்றார்.

அந்தச் சொல் பதினாறாம் எழுத்தில் தொடங்குகிறது. காளியண்ணன் என்ன செய்வான்? தெரிந்ததைச் சொன்னான். காரைக் காட்டி, “ஸய்யாரா” என்றான். கார்தான் என்று அவர் தலையாட்டினார். மலையைக் காட்டி, “ஜபல்” என்றான். அவர் அழுதுவிடுவார் போலிருந்தது.

“டாக்டரக் கேக்கறாருப்பா” என்ற சாந்தி, காருக்குள் எட்டிப் பார்த்தாள். தாயின் மடியில் ஒரு குழந்தை. குளவி கொட்டி முகம் வீங்கி, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

“தூங்குதுன்னு நெனச்சனுங்க” என்றார் ஜேசுதாஸ்.

சாந்தி தன்னைத் தொட்டுக் காட்டி, பாதையைக் காட்டி, “அனா தபீப். யல்லா” என்றாள். ‘நான் டாக்டர், கிளம்புங்கள்’ என்று பொருள். வழி காட்டுகிறேன் என்று சொல்ல நினைத்தாள். குவைத்துக்காரருக்குப் புரிந்துவிட்டது. அவள் முன்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

காளியண்ணன் பின்னாலேயே ஓடினான். “சாந்தி, நீ டாக்டர்னு சொல்லிப்போட்ட. நடுவுல வினைச்சொல் வரணும்.”

கார் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். மதியத்துக்குள் குழந்தை எழுந்து உட்கார்ந்து ஆரஞ்சு கேட்டது.

காளியண்ணனுக்கு அன்று வெட்கத்தில் சோறு இறங்கவில்லை. இனிமேல் பேசிவிடுவது என்று முடிவு செய்தான். இன்னும் பதினாறு எழுத்துதானே, அதையும் முடித்துவிட்டு.

சிரிக்கிறீர்கள். சரி. உங்கள் அலமாரியில் பத்து வருஷமாக ஓர் இந்திப் புத்தகம் இருக்கிறதே, பக்கத்துக்குப் பக்கம் அடிக்கோடு போட்டு? போன மாதம் ரயிலில் எதிர் சீட்டுக்காரர் உங்களிடம் இந்தியில் தண்ணீர் கேட்டபோது, ஜன்னலுக்கு வெளியே அப்படி எதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?