முனிவருக்குக் கைதட்ட வேண்டாம்

மனிதகுலம் தோன்றிய நாள்முதல் பாராட்டே தேவைப்படாத ஒரே ஒரு மனிதர்தான் பிறந்திருக்கிறார். அவர் லிப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்றின் தொலைபேசிப் பிரிவில், தண்ணீர் கேனுக்குப் பக்கத்து இருக்கையில் பணியாற்றிவந்தார். இதை நாம் கண்டுபிடிக்கவில்லை. அவரே சொன்னார். கேட்காதவர்களிடமும் சொன்னார். மீசை சரியாக முளைப்பதற்குள் ஆசைகளைத் துறந்துவிட்ட அவருக்கு அலுவலகம் ‘முனிவர்’ என்று பெயர் சூட்டியிருந்தது.

எந்தக் கட்டடத்திலாவது லிப்ட் பாதியில் நின்றால், உள்ளே சிக்கியவர் சிவப்புப் பொத்தானை அழுத்துவார். இங்கே மணி அடிக்கும். மெக்கானிக் போய்ச் சேரும்வரை அவரிடம் பேச்சுக் கொடுத்து, அழாமல் பார்த்துக்கொள்வதே பிரிவின் திருப்பணி.

பிரிவின் மேனேஜர் அதுவரை ஊழியர்களை ஒரே ஒரு ‘ம்’ போட்டு நிர்வகித்தவர். கோபத்துக்கும் அதே ‘ம்’, மகிழ்ச்சிக்கும் அதே ‘ம்’. அவரை ‘ஊழியர்களை ஊக்குவிப்பது எப்படி’ என்ற பயிற்சிக்கு அனுப்பினார்கள். வேறு மனிதராகத் திரும்பி வந்தார். மறுநாள் முதல் காலையில் எல்லோரும் வட்டமாக நிற்க வேண்டும். முந்தைய நாள் நன்றாக வேலை செய்தவர் நடுவில் வர வேண்டும். மற்றவர்கள் கைதட்ட வேண்டும்.

முனிவர் சாப்பாட்டு மேஜையில் இதைத் துவைத்துக் காயப்போட்டார்.

“கைதட்டினா குரங்குகூடத்தான் குட்டிக்கரணம் போடும். நாம என்ன சர்க்கஸா நடத்துறோம்?”

பக்கத்து இருக்கை அக்கா டப்பாவை மூடினாள். “எனக்குத் தட்டினப்ப நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. வீட்டுக்குப் போய் அவர்கிட்டகூடச் சொன்னேன். டிவி சத்தத்தைக் கூட்டி வெச்சாரு.”

பயிற்சியின் அடுத்த தத்துவம், ஆளுக்கு ஏற்ற ஊக்கம். மேனேஜர் ஒவ்வொருவரையும் அறைக்குக் கூப்பிட்டு, என்ன கிடைத்தால் உற்சாகமாக இருக்கும் என்று விசாரித்தார். மகனின் பரீட்சை முடியும்வரை சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும் என்றாள் அக்கா. கிடைத்தது. புதிதாகக் கல்யாணம் ஆன ‘மாப்பிள்ளை’ ஜன்னலோர இருக்கை கேட்டான். அதுவும் கிடைத்தது.

முனிவர் நாற்காலியின் நுனியில்கூட உட்காரவில்லை. “என்னைத் தொந்தரவு பண்ணாம விட்டா போதும் சார். இந்தக் கைதட்டல், பாராட்டெல்லாம் குழந்தைங்களுக்கு.”

மேனேஜருக்குக் கண் கலங்கிவிட்டது. சொன்னதைச் செய்யும் மேனேஜர் என்ற அபூர்வ உயிரினத்தைச் சேர்ந்தவர் அவர். அன்றிலிருந்து வட்டத்தில் நிற்பதிலிருந்து முனிவருக்கு விலக்கு. அவர் இருக்கையைக் கடக்கும்போது எல்லோரும் பூனைநடை. அவருடைய பிறந்தநாளுக்கு வாங்கிய கேக்கைக்கூட, அவரைத் தொந்தரவு செய்யாமல் அடுத்த அறையில் வெட்டிச் சாப்பிட்டு முடித்தார்கள்.

இந்தப் பேரின்ப நிலையில்தான் அந்த அழைப்பு வந்தது. சிக்கியவர் ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி.

“யாருய்யா அங்க? கதவைத் திற!” என்று உறுமியவர், சிறிது நேரத்தில் குரலைத் தாழ்த்தினார். “தம்பி, லைட்டும் போயிடுச்சு. எனக்கு இருட்டுன்னா... போனை வெச்சிடாதப்பா.”

மெக்கானிக் போக்குவரத்து நெரிசலில் மாட்டியிருந்தார். முனிவர் கதை சொன்னார், விடுகதை போட்டார். எதிர்முனையில் விசும்பல் நிற்கவில்லை. கடைசியில் வேறு வழியில்லாமல், அலுவலகமே வேலையை நிறுத்திக் கேட்க, தாலாட்டுப் பாடினார். விசும்பல் அடங்கியது. கூடவே ஒரு கரகரத்த குரல் சேர்ந்து பாடியது. மெக்கானிக் வந்து கதவைத் திறந்ததும், “இங்க நடந்தது வெளிய போகக் கூடாது” என்று கட்டளையிட்டுவிட்டு, அதிகாரி இணைப்பைத் துண்டித்தார்.

முனிவர் நிமிர்ந்தார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை எழுந்தே நின்றுவிட்டான். கைகள் உயர்ந்தன. அந்தக் கணத்தில் மேனேஜர் பாய்ந்து வந்து இரு கைகளையும் விரித்துத் தடுத்தார்.

“அவரைத் தொந்தரவு பண்ணாதீங்க,” என்று கிசுகிசுத்தார்.

கைகள் இறங்கின. முனிவர் தண்ணீர் குடித்தார். கொஞ்சம் இருமினார். பிறகு மெல்லக் கேட்டார்: “பாட்டு ரொம்பச் சத்தமா இருந்துச்சோக்கா?”

அக்கா பக்தியோடு வாயில் விரல் வைத்து, இல்லை என்று தலையசைத்தாள்.

மறுநாள் வட்டத்தின் நடுவில் மாப்பிள்ளை நின்றான். தண்ணீர் கேனைத் தானாகவே மாற்றியதற்காகக் கைதட்டல். தட்டிய இடம் முனிவரின் காதுக்கு மிக அருகில்.

அன்று மாலை எல்லோரும் கிளம்பட்டும் என்று காத்திருந்து, முனிவர் தனியாக லிப்டில் ஏறினார். கதவு மூடியது. மேலே பார்த்தார். பக்கவாட்டில் பார்த்தார். தாலாட்டின் முதல் வரியைத் தொண்டைக்குள் ஒருமுறை பாடிப் பார்த்தார். பிறகு சத்தம் வராமல் கைதட்டினார். திருப்தியாக இல்லை. கொஞ்சம் சத்தம் வரும்படி தட்டினார்.

கீழ்த்தளத்தில் கதவு திறந்தது. எதையோ மறந்துவிட்டுத் திரும்பி வந்த மேனேஜர் நின்றிருந்தார். முனிவரின் உள்ளங்கைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன.

“கொசு, சார்.”

மேனேஜர் புரிந்துகொண்டதாகத் தலையசைத்தார். உள்ளே வரவில்லை. மரியாதையோடு பின்வாங்கி, நுனிக்காலில் நடந்து, படிக்கட்டுப் பக்கம் போய்விட்டார்.

கதவு மூடியது. உள்ளே இன்னும் நிறையக் கொசுக்கள் இருந்திருக்க வேண்டும்.