கெர்னலில் நீ எடுத்துவிட்ட நாலு வரி

என் தம்பியைக் கட்டி மேய்க்கிற புண்ணியவதிக்கு உன் நாத்தனார் ஆசையாக எழுதிக்கொள்வது. இங்கே நானும், உனக்கு அண்ணன் முறையாகிற எங்கள் வீட்டுக்காரரும் நல்ல சுகம். கடைக் கம்ப்யூட்டர்தான் சுகமில்லை. நீயும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். தம்பி சுகமாகத்தான் இருப்பான், அவனுக்கென்ன.

எனக்குப் படிப்பு கொஞ்சம், வாய் ஜாஸ்தி. பெயர்ப்பலகை செதுக்குகிற என் மிஷினை ஓட்டுவது ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர். அதைத் தட்டி எழுப்பி வேலை பிரித்துக் கொடுப்பது உங்கள் ஆபீசில் எழுதுகிற கெர்னல் என்கிற புரோகிராம். போன ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்து பழசை அழித்துவிட்டுப் புதுசைப் போட்டுவிட்டுப் போனான். மறுநாள் பல் டாக்டரின் பலகையைச் செதுக்கினேன். கடைசியில் வரவேண்டிய அவர் படிப்பெல்லாம் முதலில் இருந்த பெயர் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், போட்டுப் பார்த்தார். "என்னம்மா, என் பேரையே காணோம்?" என்றார். "படிப்பைப் பாத்துத்தானே டாக்டர் வாயைத் திறப்பாங்க, பேரைப் பாத்தா?" என்றேன். மனுஷன் பல்லைக் காட்டவேயில்லை. சரி, சனியனை அணைப்போம் என்று அணைத்தால் மறுபடி எழுந்து முதலிலிருந்து ஆரம்பிக்கிறது, எங்கள் வீட்டுச் சண்டை மாதிரி. உன் அண்ணன்தான் பிளக்கைப் பிடுங்கினார்.

தம்பிக்குப் போன் போட்டேன். "அக்கா, அந்தக் காலத்து மிஷின்ல ஒரு கூத்து இருக்கு. மெமரியில ஒரு கோட்டைத் தாண்டணும்னா கீபோர்டைப் பாத்துக்கிற சிப் இருக்கே, அந்தச் சில்லுகிட்ட அனுமதி கேக்கணும். கேக்காமப் போனா சுத்திக்கிட்டு ஆரம்பத்துலயே வந்து விழும்."

"மெமரிக்கும் கீபோர்டுக்கும் என்னடா சம்பந்தம்?"

"ஒண்ணுமில்லக்கா. அந்தச் சில்லுல ஒரு கம்பிக் கால் சும்மா இருந்துச்சு, அதுல மெமரி வயரை மாட்டிட்டாங்க."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. எங்கள் வீட்டில் கூடத்து விளக்குக்குச் சுவிட்ச் குளியலறையில் இருக்கிறது, வயர் அங்கேதான் எட்டியதாம். அந்தச் சில்லும் கேட்டவுடனே பதில் சொல்லாதாம். உன் அண்ணனைச் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டு, பேப்பருக்குப் பின்னாலிருந்து 'ம்' வருகிற வரைக்கும் நான் கரண்டியோடு நிற்கிறேனே, அப்படி நிற்கச் சொல்லி நாலு வரி கெர்னலில் இருந்ததாம். "அதை ஏன்டா எடுத்தீங்க?" என்றால், "நானா எடுத்தேன்? எது இருக்கணும், எது போகணும்னு முடிவு பண்றது உன் தம்பி பொண்டாட்டி. இந்த மாதிரி மிஷின் இப்போ யார்கிட்டயும் இல்லன்னு எடுத்துட்டா" என்கிறான்.

யார்கிட்டயும் இல்லையா? அப்போ நான் யாரும்மா? உன் கல்யாண போட்டோவில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு ஒருத்தி நிற்கிறாளே, அவள் யார்? புதுக் கம்ப்யூட்டர் வாங்குங்கள் அண்ணி என்பாய். செதுக்கும் மிஷினின் வயரைச் சொருகப் புதுசில் ஓட்டையே கிடையாது. பள்ளிக்கூடத்துக்காரர்கள் எல்லா வகுப்பறைக் கதவுக்கும் பலகை கேட்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் தராவிட்டால் எதிர்க்கடைக்குப் போய்விடும், அதோடு நான் கடையைப் பூட்ட வேண்டியதுதான். கொஞ்சம் பொறுக்கச் சொல்லும் நாலு வரி உனக்கு என்னடியம்மா பாரம்? அவ்வளவு பொறுமை இல்லாதவள் என் தம்பியோடு எப்படிக் குடும்பம் நடத்துகிறாய்? அந்த வரிகளைத் திருப்பிப் போடு, உனக்குக் கோடிப் புண்ணியம்.

நீ எழுதுவதெல்லாம் முதல் தடவையே ஓடட்டும். குழந்தைக்கு என் முத்தம்.

இப்படிக்கு,
யாரிடமும் இல்லாத மிஷினை வைத்திருக்கும் உன் நாத்தனார்

பின்குறிப்பு: இதை உன்னிடம் சேர்க்கச் சொல்லி, கடைக்கு வந்த தம்பி கையில் கொடுத்தேன். படித்துவிட்டுத் திருதிருவென்று முழித்தான். "இதைக் குடுத்தா அவ என்னை வீட்டுல சேக்க மாட்டாக்கா" என்றான். காதைத் திருகியதும் கக்கிவிட்டான். ஊருக்கெல்லாம் போகிற கெர்னலில் அந்த நாலு வரியும் பத்திரமாக இருக்கிறதாம். "எங்க அண்ணி கடைக்கு வேணும், யாரும் தொடக் கூடாது" என்று நீ ஆபீசில் சண்டையே போட்டாயாம். இவன்தான் என் கடைக்கு மட்டும் தனியாக எடுத்துவிட்டுப் போட்டிருக்கிறான். இந்த மிஷின் ஒழிந்தால் ஞாயிற்றுக்கிழமை இங்கே வராமல் தூங்கலாமாம்! இவ்வளவையும் திருப்பி எழுதக் கை வலிக்கிறது. அதனால் உன்னைத் திட்டிய இடமெல்லாம் அவன் என்று வைத்துப் படித்துக்கொள், என் தங்கமே. கடிதத்தை உன் அண்ணன் கொண்டுவருகிறார். தம்பி உள்ளே வரிகளைப் போட்டுக்கொண்டிருக்கிறான். ஷட்டரை இறக்கிவிட்டேன். ராத்திரி சாப்பாட்டுக்கு அவனை எதிர்பார்க்காதே.